வன்னியில் கோப்பித்தூள் தொழில் தொடங்குகிறவர்களுக்கு: மில்லைக் கடைசியில் வாங்குங்கள்

நான் முதலில் மில்லைத்தான் வாங்கினேன். மாங்குளத்தில் இறக்கி, லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் வைத்தோம். உரச் சாக்கால் மூடியபடி அது ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. கரண்ட் பொருந்தவில்லை. காணிப் பத்திரம் காலமான அப்பாவின் பெயரில் இருந்தது. அறையைப் பார்க்க வந்த பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சீலிங் இல்லாமல் சரிவராது பிள்ளை என்றார். கடன் தவணை மட்டும் ஒரு கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இப்போது தொழில் ஓடுகிறது. நானும் அக்காவும் இன்னொரு பிள்ளையும் சேர்ந்து வறுத்து அரைத்து பைக்கற் பண்ணிக் கொடுக்கிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து நாலைந்து பேர் எப்படித் தொடங்குவது என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை விட ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். வரிசை முக்கியம், தயவுசெய்து அதை மாற்றாதீர்கள்.

1. ஐந்து கிலோ வறுத்து விற்றுப் பாருங்கள்

எதையும் பதிவதற்கு முன், எந்தக் கடனும் எடுப்பதற்கு முன், வீட்டுத் தாச்சியில் வறுத்து உறவு சனத்துக்கும் அயல் வீடுகளுக்கும் கொடுத்துப் பாருங்கள். நல்லாயிருக்கு என்று எல்லாரும் சொல்வார்கள், அதை நம்பவேண்டாம். காசு கொடுத்து இரண்டாம் தரம் வாங்குகிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். எங்களிடம் முதல்தரம் வாங்கிய பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு திரும்ப வந்தது. வராத ஐந்து வீட்டிலும் போய்க் கேட்டேன். மூன்று வீட்டில் கசப்பு கூட என்றார்கள், அதாவது நான் கருக வறுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் மட்டும் தயங்கித் தயங்கி, தூளில் மிளகாய் மணக்குது என்று சொன்னார்கள். ஊர் மில்லில் கொடுத்து அரைத்திருந்தேன், எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோப்பி எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். மிளகாயும் சரக்கும் அரைக்கிற கல்லில் கோப்பியைப் போடவே கூடாது, எவ்வளவு கழுவித் துடைத்தாலும் போகாது. இந்த முதல் ஐந்து கிலோவுக்கு வீட்டுக் கை மெஷினோ மிக்சியோ போதும்.

2. கொட்டை வாங்குவது

வன்னியில் கோப்பி விளைவித்துத் தொழில் செய்கிற கதை வேண்டாம். எங்கள் நீண்ட வெயிலுக்கு அது ஈடுகொடுக்காது, வீட்டு முற்றத்தில் இரண்டு மரம் நிற்பது வேறு விஷயம். கொட்டை மலைப்பக்கத்தில் இருந்துதான் வரும். கண்டி, மாத்தளை, பதுளை, கேகாலை, நுவரெலியா மாவட்டங்களில் சிறு தோட்டங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் ஆய்கிறார்கள். அது இரண்டு மூன்று கை மாறி வவுனியா மொத்தக் கடைக்கு வருகிறது. சின்னதாகச் செய்யும்வரை வவுனியாவில் வாங்குங்கள். மாதம் 50 கிலோவைத் தாண்டினால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மாத்தளைக்கு நேரே போய் வருவது லாபம். விளைவிக்கிறவர்கள் யார், எந்த ஊரில் என்று தெரியாவிட்டால் அங்குள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், கோப்பி அவர்களுடைய பயிர்.

அராபிக்கா, ரொபஸ்டா என்று இரண்டு இனம் இருக்கிறது. ரொபஸ்டாவுக்குக் கசப்பும் கடுமையும் கூட, விலை குறைவு. அராபிக்கா மணமானது, விலை கூட. எங்கள் சனம் சீனி போட்டுக் கடுப்பாகக் குடித்துப் பழகியது, பால் ஊற்றுகிறவர்களும் அப்படித்தான், அதனால் ரொபஸ்டாவை அடித்தளமாக வைத்துக் கொஞ்சம் அராபிக்கா கலந்தால் எங்கள் பக்கத்தில் போகும்.

வாங்கும்போது சாக்கின் வாயில் இருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். கறுத்தது, பூச்சி துளைத்தது, பூஞ்சண மணம் உள்ளது எவ்வளவு என்று எண்ணுங்கள். ஒரு கொட்டையைப் பல்லால் கடித்துப் பாருங்கள், பல் பதிந்தால் ஈரம். பச்சைக் கொட்டையில் ஈரப்பதன் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஈரக் கொட்டை வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள், பிறகு அது பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் மாரி மாதங்களில் நிலத்தில் சாக்கை வைத்தால் பத்து நாளில் மணம் மாறும். மரத்தட்டுக்கு மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள்.

விலை நிற்காது. 2025 ஆரம்பத்தில் உலகச் சந்தையில் அராபிக்கா விலை முன்னெப்போதும் இல்லாத உச்சத்துக்குப் போனது, அப்படியான நேரத்தில் இங்கும் கை சுடும். விலை இறங்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஏறும் என்று பயந்து வீட்டை நிரப்பவும் வேண்டாம். ஆறு கிழமைக்குத் தேவையானதை எப்போதும் கையில் வைத்திருப்பது எங்களுக்குச் சரியாக வருகிறது.

3. கணக்கு: எல்லாரும் விழுகிற குழி

கொட்டை என்ன விலையோ தூளும் அந்த விலைதான் அடங்கும் என்று நினைத்துத்தான் நான் முதல் நான்கு மாதமும் விற்றேன். வறுக்கும்போது கொட்டையின் எடை 15 முதல் 20 சதவீதம் வரை குறையும், கறுப்பாக வறுத்தால் இன்னும் குறையும். ஒரு கணக்குக்காகப் பச்சைக் கொட்டை கிலோ 2,000 ரூபாய் என்று வைப்போம் (இன்றைய விலை வேறாக இருக்கும், நீங்கள் விசாரித்த விலையைப் போடுங்கள்). 10 கிலோவுக்கு 20,000. துப்புரவாக்கும்போது அரைக் கிலோ கழிவு போகும், மிச்சம் 9.5. வறுத்தால் ஏறக்குறைய 7.8. அரைத்து அரித்து, மில்லுக்குள் ஒட்டியதையும் கழித்தால் 7.6 கிலோ தூள் கைக்கு வரும். 20,000ஐ 7.6ஆல் பிரியுங்கள்: ஒரு கிலோ தூளின் அடக்க விலையே 2,630 ரூபாய். 100 கிராம் பைக்கற்றுக்கு 263. இதை 200 என்று நினைத்து விலை போட்டால் ஒவ்வொரு பைக்கற்றிலும் 63 ரூபாயைக் கையால் கொடுக்கிறீர்கள்.

இதற்கு மேல் காஸ், கரண்ட், பை, லேபல், பஸ் காசு, கடைக்காரரின் பங்கு, திரும்பி வருகிற பைக்கற், அப்புறம் உங்கள் கூலி. உங்கள் கூலியை எழுதாமல் விடாதீர்கள். எங்கள் பெண்கள் அநேகம் பேர் அதை எழுதுவதே இல்லை, நாளைக்கு ஒரு ஆளை வேலைக்கு எடுக்கும்போதுதான் கணக்கு உடைகிறது.

4. காணிப் பத்திரம்

இதற்குத்தான் எனக்கு அதிக நாள் போனது. வியாபாரப் பதிவுக்குப் போனால் தொழில் நடக்கிற இடம் யாருடையது என்று கேட்பார்கள். வன்னியில் உறுதிக் காணி வைத்திருப்பவர்கள் குறைவு, பெரும்பாலும் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. அந்தப் பெர்மிட்டும் 2009இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு போய்விட்டது, அல்லது காலமான ஒருவரின் பெயரில் இருக்கிறது.

பெர்மிட் தொலைந்திருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள். பிறகு விதானையாரிடம் (கிராம அலுவலர்) கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள், அவர்களுடைய பதிவேட்டில் விபரம் இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அனுமதிப்பத்திரக்காரர் இறந்திருந்தால் பெயர் மாற்றம் வேறு வேலை, அதற்கு மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், சகோதரங்களின் சம்மதம் எல்லாம் வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். வெளிநாட்டில் ஒரு அண்ணன் இருந்தால் அவருடைய கையெழுத்துக்கே இரண்டு மாதம் வையுங்கள். தொழில் பதிவு அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காணியில் இப்போது குடியிருக்கும் அம்மாவிடம் சம்மதக் கடிதம் எழுதி வாங்கி, விதானையாரின் உறுதிப்படுத்தலோடு கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். வாடகை இடமென்றால் நொத்தாரிசு மூலம் எழுதிய ஒப்பந்தம் வேண்டும், வெறும் கடிதத்தோடு போய்த் திரும்பி வராதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குடியிருக்கவோ பயிர் செய்யவோ கொடுத்த பெர்மிட் காணியில் தொழில் கட்டடம் போடுவதற்கு முன், போடலாமா என்று காணிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் ஓம் என்றவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

5. வியாபாரப் பெயர்ப் பதிவு

பிரதேச செயலகத்தில்தான். அடையாள அட்டைப் பிரதி, விதானையாரின் சான்று, மேலே சொன்ன காணிப் பத்திரம், நிரப்பிய படிவம். இரண்டு பேர் சேர்ந்து செய்வதென்றால் இருவரும் ஒன்றாகப் போங்கள். எல்லாப் பத்திரத்திலும் நான்கு பிரதி எடுத்து ஒரு பைலில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கந்தோரிலும் அதையேதான் கேட்பார்கள். எனக்கு மூன்று கிழமை எடுத்தது. கட்டணம் பெரிதாக இல்லை, போக்குவரத்துக்குத்தான் காசு போனது.

இந்தப் பதிவு இருப்பதால் அந்தப் பெயர் நாடு முழுவதும் உங்களுக்குச் சொந்தம் என்று நினைக்கவேண்டாம். பொருளின் பெயரையும் அடையாளத்தையும் காப்பாற்ற வேண்டுமென்றால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வணிகக் குறியாகப் பதிய வேண்டும். அதை இரண்டாம் வருடத்துக்கு விடலாம். ஆனால் பெரிய கம்பனிப் பெயர் போலத் தோன்றுகிற பெயரை இப்போதே தவிர்த்துவிடுங்கள்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கத்தையும் இதோடு எடுத்துவிடுங்கள். காசு இல்லை. வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்கப் போகும்போது கேட்பார்கள்.

6. அறை, பீ.எச்.ஐ., பிரதேச சபை

அறையைக் கட்டிவிட்டுப் பீ.எச்.ஐ.யைக் கூப்பிடாதீர்கள். கட்டுவதற்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், இந்த இடத்தில் இப்படிச் செய்யப்போகிறேன், என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒரு கடதாசியில் கோடு போட்டுக் காட்டினாலே போதும். எங்கள் ஐயா அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்தார், நான்தான் பிந்திப் போனேன்.

பொதுவாக அவர்கள் பார்ப்பது: வீட்டுச் சமையலறையில் இருந்து பிரிந்த அறை, கழுவக்கூடிய தரையும் சுவரும், சீலிங், யன்னலுக்கு வலை, கை கழுவ இடம், கழிவறை தள்ளி இருப்பது, எலி வராத கதவு. கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையும் கேட்டார்கள். வேலை செய்கிற எல்லாருக்கும் மருத்துவச் சான்று வேண்டும், உங்களுக்கும்தான். எனக்கு சீலிங்குக்கும் தரைக்கும் போன காசு, முதலில் கேட்டிருந்தால் பாதியாக இருந்திருக்கும், ஏனென்றால் போட்ட தரையைக் கிளறித் திரும்பப் போட்டேன்.

பீ.எச்.ஐ.யின் அறிக்கை சரியானால் பிரதேச சபையில் வியாபார உரிமம். இது டிசம்பர் 31உடன் முடிகிற உரிமம். நொவம்பரில் எடுத்தால் இரண்டு மாதத்துக்குள் திரும்பவும் கட்ட வேண்டும், அதனால் முடிந்தால் ஜனவரியில் தொடங்குகிற மாதிரித் திட்டமிடுங்கள். வறுக்கும் புகையும் மில் சத்தமும் இருப்பதால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றியும் அங்கேயே கேளுங்கள், சிறிய அளவில் செய்வதைப் பிரதேச சபை பார்க்கும், பெரிதானால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் போகவேண்டி வரும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு முறைப்பாடு வந்தால் உரிமம் எல்லாம் நின்றுவிடும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய உடுப்புக் கொடிக்கு மேல் எங்கள் புகை போவது நியாயமில்லை. எங்கள் புகைக்குழாயை நாங்கள் ஆறு அடி உயர்த்தினோம்.

7. கரண்ட், அதன் பிறகு மில்

மின்சாரக் கந்தோருக்குப் போய் உங்கள் இணைப்பு ஒரு பேஸா மூன்று பேஸா என்று முதலில் கேளுங்கள். என்னிடம் மில் விற்ற இடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று பேஸ் மோட்டரை வாங்கிக்கொண்டு வந்து ஒரு பேஸ் வீட்டில் வைத்திருந்தேன். மூன்று பேஸ் எடுக்கத் தூணில் இருந்து உங்கள் வளவுக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துச் செலவு ஏறும், உள் வீதியில் இருப்பவர்களுக்கு அது மில்லின் விலைக்குக் கிட்ட வரலாம். மாதம் 100 கிலோவுக்குள் செய்கிறவர்களுக்கு ஒரு பேஸில் ஓடுகிற 2 குதிரைவலு மோட்டர் போதும். தொழிலுக்குத் தனி மீற்றர் எடுத்தால் கைத்தொழில் கட்டண வகையில் போடச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பொதுத் தேவை வகையில் போய்விடும், அது கூட.

மில்லை விட வறுக்கும் டிரம்மில் காசு போடுங்கள். தாச்சியில் கையால் கிண்டினால் ஒரு பக்கம் கருகும் ஒரு பக்கம் பச்சை, ஒரு நாளைப் போல் மற்ற நாள் சுவை வராது. சுற்றுகிற டிரம் ஒன்றை நல்ல வெல்டிங் பட்டறையில் செய்விக்கலாம், ஆனால் கொட்டை படுகிற இடம் முழுவதும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். விறகென்றால் காட்டு மரத்தில் கை வைக்காதீர்கள், வனத் திணைக்களத்தோடு பிரச்சினை வரும், பனைமட்டையும் பொச்சும் போதும். காஸ் சூடு சீராக இருக்கும், நாங்கள் காஸுக்குத்தான் மாறினோம், விறகு டிரம்மையும் விற்காமல் வைத்திருக்கிறோம், 2022இல் காஸ் இல்லாமல் நின்றதை மறக்கவில்லை.

8. வறுத்த பிறகு அவசரப்படாதீர்கள்

கொட்டை 200 பாகைக்குக் கிட்டப் போகும்போது சோளம் பொரிகிற மாதிரி வெடிக்கும், அதற்குப் பிறகு ஒவ்வொரு அரை நிமிடமும் சுவை மாறும். இறக்கியதும் அகலமான தட்டில் கொட்டி விசிறி போட்டு உடனே ஆறவிடுங்கள், குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே மேலும் கருகும். வறுத்த கோப்பியில் இருந்து கரியமிலவாயு வெளியே வந்துகொண்டே இருக்கும். அதனால் சூடாக அரைத்துச் சூடாக அடைத்தால் பைக்கற் ஊதும், தையல் விடும். எங்கள் முதல் 60 பைக்கற்றும் கடையில் ஊதி நின்றது, கடைக்காரர் பழுதான சாமான் என்று திருப்பி அனுப்பினார். ஒரு நாள் ஆறவிட்டு அரைத்து, தூளின் சூடும் அடங்கிய பிறகு அடையுங்கள். மழை நாளில் அடைக்காதீர்கள், தூள் ஈரத்தை இழுக்கும்.

மல்லி, வேர்க்கொம்பு சேர்த்தும் செய்யலாம், எங்கள் பக்கத்தில் அதற்குக் கேள்வி இருக்கிறது. சேர்த்ததை லேபலில் எழுதுங்கள். சோளமோ அரிசியோ வறுத்துக் கலந்து எடையைக் கூட்டலாம் என்று யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். உணவுச் சட்டத்தில் அது குற்றம், ஊரிலும் ஒருநாளில் தெரிந்துவிடும்.

9. லேபல், தராசு

லேபலில் பொருளின் பெயர், எடை கூடியதில் இருந்து குறைந்தது வரை சேர்மானங்கள், நிகர எடை, செய்தவர் பெயரும் விலாசமும், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் வேண்டும். மூன்று மொழியிலும் அடியுங்கள். சிங்களத்தை ஒரு தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். எனக்கு 2,000 ஸ்டிக்கரில் ஒரு எழுத்து பிழைத்து எல்லாம் வீணானது. முதல்தரம் 500க்கு மேல் அடிக்கவேண்டாம், அடிப்பதற்கு முன் மாதிரியைப் பீ.எச்.ஐ.யிடம் காட்டுங்கள். விலையையும் திகதியையும் கையால் குத்துகிற முத்திரையாக வைத்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை வருடாவருடம் வேண்டும். ஒன்லைனில் மலிவாக வாங்கிய தராசுக்கு அது கிடைக்காமல் போகலாம், வாங்குமுன் கேளுங்கள். பார்கோட், 479இல் தொடங்குகிற இலக்கம், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும்போது எடுத்தால் போதும்.

10. காசு

வாசலுக்கு வந்து ஐந்து பெண்களைக் குழுவாக இருத்தி அன்றைக்கே காசு தருகிற நுண்கடனை எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும், கோப்பித் தொழிலில் காசு கிழமைக்குக் கிழமை வராது. கொட்டைக்குக் காசு இன்று போகும், வறுத்து அரைத்து கடைக்குப் போட்டு கடைக்காரர் தரும்வரை இரண்டு மாதம் ஆகும். இந்தக் கடனால் நகையையும் நிம்மதியையும் தொலைத்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. பிரதேச அபிவிருத்தி வங்கியிலோ, அரச வங்கியிலோ, உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ கேளுங்கள். தாமதமாகும், இரண்டு பிணையாளர் கேட்பார்கள், ஆறு மாத விற்பனைக் கணக்குக் கொப்பியைக் கொண்டுபோனால் பேச்சு மாறும். மூன்று மாதம் தவணை தள்ளித் தொடங்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

பிரதேச செயலகத்தில் சிறுதொழில் அலுவலரையும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பயிற்சி வரும்போது பெயரைப் போடுவார்கள், சிலவேளை இயந்திரத்துக்கு உதவியும் வரும். அதற்காகக் காத்திருந்து தொழிலை நிறுத்தவேண்டாம்.

ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும்: அவர் பங்கு 8, உங்கள் பங்கு 12, அதோடு நம்பிக்கை நிதி 3 சதவீதம். முதல் நாளே கணக்கில் சேருங்கள்.

11. விற்கிற இடம்

பெரிய கம்பனித் தூளோடு கடைத் தட்டில் விலைக்குப் போட்டி போட எங்களால் முடியாது. அவர்களுக்கு லொறி இருக்கிறது, நாங்கள் பஸ்ஸில் பெட்டி தூக்குகிறோம். எங்களுக்கு இருப்பது புதுத் தூள். போன கிழமை வறுத்தது என்று சொல்லி விற்க அவர்களால் முடியாது.

செத்தவீட்டில் இரவிரவாகக் கோப்பி ஊற்றுவார்கள், அந்த வீட்டில் அப்போது கடைக்கு ஓட ஆள் இருக்காது. உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் போன் இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள், எந்த நேரத்திலும் கொண்டுபோய்க் கொடுங்கள், காசை எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு வாங்குங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா என்று சனம் கூடுகிற நாட்களுக்கு மூன்று கிழமைக்கு முன்பே தேநீர்க்கடை போடுகிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஏ9 வீதிச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கிலோப் பையாகக் கொடுக்கலாம், ஆனால் ஒரு கடைக்கு இரண்டாம் தரம் கடன் போடுவதற்கு முன் முதல் பில் தீரட்டும். ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடக்கிற வர்த்தகக் கண்காட்சியில் சேர்ந்து ஒரு மேசை எடுப்பதும் நல்லது, எங்களுக்கு அங்கேதான் கொழும்புக் கடை ஒன்றின் பழக்கம் கிடைத்தது.

ஆடி, ஆவணியில் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் திரும்பும்போது பெட்டியில் கோப்பித்தூள் இருக்கும். அவர்களுக்கு 250 கிராம், இரட்டைத் தையல், மேலே இன்னொரு பை. மற்றப் பைக்கற்றைவிட விலை கொஞ்சம் கூடப் போடுங்கள், பை செலவு கூடத்தான்.

உரிமம் எடுக்கப் போகிறவர்கள் இந்த மாதமே விதானையாரின் சான்றையும் காணிப் பிரதியையும் எடுத்து வையுங்கள். விதானையார் கந்தோரில் இருக்கிற நாள் எது என்று வாசலில் எழுதியிருப்பார்கள், அந்த நாளில் காலை எட்டரைக்கே போனால் மத்தியானத்துக்குள் பிரதேச செயலகத்துக்கும் போய்வரலாம்.